அந்தப் பன்னிரண்டு மீட்டர் வயர்

போன வாரம் பயிற்சி வகுப்பில் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள்: "செம்பு செம்புதானுங்கண்ணா, அது வீட்டு வயரா இருந்தா என்ன, சோலார் வயரா இருந்தா என்ன?" நான் சுள்ளென்று விழுந்துவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனதை வீட்டுக்கு வந்தபிறகும் மறக்க முடியவில்லை. தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. நான் கத்தியது உன்னை இல்லை. இதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ஆமாம் செம்பு செம்புதான் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்ட ஒரு ஆள் இருந்தான். அவனைத்தான் கத்தினேன். அவனை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

வகுப்பில் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. அதனால் எழுதுகிறேன். பேனல் எப்படி மாட்டுவது, எந்த ஸ்குரூ எங்கே என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

நான் சோலாருக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எலக்ட்ரீஷியன். நிட்டிங் மெஷின், பவர் டேபிள், பாய்லர் என்று நான் கை வைக்காத மெஷின் இல்லை. வயரை விரலில் உருட்டிப் பார்த்தே எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரோடுதான் மொட்டை மாடிகளில் ஏறினேன். மோட்டார் ஓட்டியவனுக்கு ஆறு பேனல் பெரிய வித்தையா என்று நினைத்தேன். தலைக்கனம் பிடித்தவனுக்கு ஏணி தேவையில்லை, தானாகவே மேலே போய்விடுவான். இறங்கும்போதுதான் தெரியும்.

அவிநாசிக்கு வெளியே ஒரு வீடு. வீட்டுக்காரி பெயர் புஷ்பம். தூத்துக்குடி பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் இங்கே வந்து, கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, பிறகு டெய்லராகி, கடைசியில் சொந்த வீடு கட்டிக் கீழ்த் தளத்தில் ஆறு மெஷின் போட்டு உட்கார்ந்தவர். ஒரு பெரிய கம்பெனி துணியைக் கொடுக்கும்; இவர் வெட்டி, தைத்துத் திருப்பிக் கொடுப்பார். கீழே இடம் போதாததால் கட்டிங் டேபிளை மொட்டை மாடியில் தகர ஷெட் போட்டு அதில் வைத்திருந்தார். துணி ரோல்களும் அங்கேதான். ஷெட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் நான் ஆறு பேனல் மாட்டினேன்.

மாட்டிய அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டு ஸ்விட்சைப் போடுவதாக ஏற்பாடு. உறவுக்காரர்கள் வந்தாயிற்று. கீழே பிரியாணி வாசம் தூக்குகிறது. மணி மூன்று. பார்த்தால், பேனலிலிருந்து ஷெட் சுவரில் இருக்கும் இன்வெர்ட்டர் வரை போக வேண்டிய சோலார் வயர் பாதியில் முடிந்துபோய்விட்டது! அளவெடுத்தவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை.

என் வண்டிப் பெட்டியில் ஒரு பழைய வேலையில் மிஞ்சிய வீட்டு வயர் சுருள் கிடந்தது. புது வயர்தான். நல்ல செம்பு. சோலார் வயர் என்ன தடிமனோ அதே தடிமன். பன்னிரண்டு மீட்டர் வெட்டினேன், பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. முறுக்கி, டேப் சுற்றி, இரண்டையும் ஒரே பைப்புக்குள் விட்டு இழுத்தேன். மூன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. பைப்பின் வாய் பேனலுக்கு அடியில் திறந்து கிடந்தது. அதற்குள் பல்லி போகும், குளவி கூடு கட்டும், மழைத்தண்ணீர் இறங்கும். திருப்பூர் எலக்ட்ரீஷியன் இதற்கு என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். கை தானாகக் கீழே போகும், ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை அள்ளும், பைப்பின் வாயில் திணிக்கும். கம்பெனியில் எண்ணெய் துடைக்க, கை துடைக்க, ஓட்டை அடைக்க, எல்லாவற்றுக்கும் நமக்கு அந்த வெட்டுத் துணிதான். நானும் வெள்ளை வெளேர் என்று ஒரு பிடி காட்டன் வேஸ்ட்டை எடுத்துத் திணித்து, கட்டை விரலால் அழுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். பாஸ்டர் ஸ்விட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் இரண்டு தட்டுப் பிரியாணி சாப்பிட்டேன்.

நடந்ததில் மோசமானது எது என்று கேட்டால், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான். ஒரு மாதம் ஆயிற்று, ஒரு வருஷம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அதன்பிறகு எங்கெல்லாம் சோலார் வயர் கொஞ்சம் பற்றாமல் போனதோ அங்கெல்லாம் அதே வித்தை. முதல் தடவை மனசு உறுத்தியது. இரண்டாம் தடவை உறுத்தவில்லை. மூன்றாம் தடவை அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை.

இரண்டு விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டு வயரின் தோல் சுவருக்குள்ளே இருட்டில் குளுகுளுவென்று கிடப்பதற்காகச் செய்தது. நம் ஊர் சித்திரை வெயிலில் அதை வெளியே போட்டால் காய்ந்து, வெளுத்து, அப்பளமாக நொறுங்கும். சோலார் வயரின் தோல் வேறு. வெயிலிலேயே கிடந்து வெயிலிலேயே வாழ்வதற்காக இரண்டு அடுக்காகச் செய்தது. நான் செம்பை மட்டும் பார்த்தேன், அதைப் போர்த்தியிருந்த தோலைப் பார்க்கவில்லை. இரண்டாவது விஷயம், கம்பெனியில் நான் பழகியது ஏசி கரண்ட். அது நொடிக்கு நூறு தடவை நின்று நின்று ஓடுகிற சாதி. பொறி கிளம்பினாலும் அணைவதற்கு ஒரு இடைவெளி கிடைக்கும். பேனலிலிருந்து வருவது டிசி. அதற்கு மூச்சு விடுகிற பழக்கமே கிடையாது. பிடித்தால் பிடித்ததுதான்.

மூன்றாவது கோடை முடிந்து மழை பிடித்த சமயம். புஷ்பம் போன் செய்தார். காலையில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதாம், பத்து மணிக்கு மேல் தானாகவே பச்சை ஆகிவிடுகிறதாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாளும் அதையே சொன்னேன்! மழையில் நனைந்த வேஸ்ட் காலையில் ஈரமாக இருக்கிறது, வெடித்த தோல் வழியாகக் கரண்ட் கசிகிறது, வெயில் ஏறிக் காய்ந்ததும் கசிவு நின்று பச்சை எரிகிறது. அந்த இன்வெர்ட்டர் பாவம், மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. நான் அதன் வாயை மூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பிகளே, தங்கச்சிகளே, மெஷின் சிவப்பு விளக்கு காட்டினால் ஏன் என்று கேளுங்கள். கேட்காமல் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறவன் எலக்ட்ரீஷியனே இல்லை.

நாலாம் நாள் சிவப்பு விளக்கு பத்து மணிக்குப் பிறகும் அணையவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை இருக்கும். மழை விட்டு, வானம் துடைத்துவிட்ட மாதிரி பளீரென்று வெயில். ஷெட்டுக்குள் புஷ்பமும் ராஜேஷும் துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜேஷ் பீகார்க்காரர், புஷ்பத்திடம் அஞ்சு வருஷமாக இருக்கும் கட்டிங் மாஸ்டர், இருபத்தெட்டு முப்பது வயது இருக்கும். ஷெட் நிறையக் கருப்புத் துணி ரோல். குளிருக்குப் போடுகிற ஹூடி ஆர்டர், தடித்த ஃப்லீஸ் துணி. வெளிநாட்டு ஷிப்மென்ட், பத்து நாள் கெடு. இவ்வளவு பெரிய ஆர்டரைக் கம்பெனி புஷ்பத்தை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வருஷம் பூராவும் வேலை, சொதப்பினால் அந்தக் கம்பெனி வாசலையே மிதிக்க முடியாது என்று அவரே என்னிடம் சொன்னார்.

நான் இன்வெர்ட்டருக்கு முன்னால் நின்று வழக்கம்போல ஆஃப் செய்து ஆன் செய்தேன். சிவப்பு. மறுபடி செய்தேன். சிவப்பு. அப்போது புஷ்பம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணாச்சி, காட்டன் கருகுத வாடை அடிக்கு."

புதுத் துணி வாடைதான் என்று நான் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். எங்க துணி எல்லாம் பாலியஸ்டர், அது கருகினால் பிளாஸ்டிக் வாடை வரும், இது காகிதம் கருகுகிற வாடை, என் மாடியில் காட்டனே கிடையாது என்றார். நூலைக் கொளுத்தி மோந்து பார்த்தே துணியின் ரகம் சொல்கிற ஆள் அவர். தப்பு வராது.

அந்த மாடியில் காட்டன் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஓடினேன். பேனலுக்கு அடியில் குனிந்தால், பைப்பின் வாயிலிருந்து கோடு மாதிரி புகை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், கண் கூசியது. வெல்டிங் வைக்கிற வெளிச்சமேதான்! வெயிலுக்காகப் பேனல் ஸ்டாண்டிலிருந்து ஷெட் வரைக்கும் ஒரு பச்சை நிழல் வலை கட்டியிருந்தார்கள். அதன் ஓரம் சுருண்டு உருகிச் சொட்ட ஆரம்பித்தது. அந்த வலையின் மறுமுனையில் தகர ஷெட், ஷெட் நிறையப் பாலியஸ்டர் துணி, அதற்குக் கீழே ஆறு மெஷினில் ஆறு பேர்.

ராஜேஷ் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "பானி நஹி! தண்ணி வேண்டாம்!" என்று நான் போட்ட கூச்சலில் வாளி கீழே விழுந்தது. உயிரோடு இருக்கிற கரண்டில் தண்ணீரை ஊற்றினால் ஊற்றுகிறவன் போய்விடுவான். நான் திரும்பி ஓடி இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்சை அணைத்தேன். அப்பாடா என்று திரும்பிப் பார்த்தால், நிற்கவில்லை. முன்னைவிடப் பலமாக எரிகிறது!

நான் அங்கேயே மரமாக நின்றேன். அத்தனை வருஷ வேலையில் ஸ்விட்சை அணைத்த பிறகும் எரிகிற நெருப்பை நான் பார்த்ததில்லை. ஒரு நொடி கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கொண்டது பைப்பின் வாயில். ஸ்விட்ச் இருப்பது அதற்கு அந்தப் பக்கம். நான் அணைத்தது வெறும் கதவை. உற்பத்தியாகிற இடம் பேனல், அதற்கு மேலே சூரியன். அதற்கு யாரும் ஸ்விட்ச் வைக்கவில்லை.

பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் இருக்கும் கனெக்டரைப் பிடுங்கிவிடலாம் என்று கை போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன். பளுவோடு ஓடுகிற டிசியைப் பிடுங்கினால் அதே வெல்டிங் என் கையில் பிடிக்கும். பிளேயரால் வெட்டினாலும் அதே கதைதான். தம்பிகளே, நெருக்கடியில் நாம் செய்கிற வேலையைவிடச் செய்யாமல் விடுகிற வேலைதான் பல சமயம் நம்மைக் காப்பாற்றும். அந்த ஒரு நொடி கை பின்னால் வந்ததால்தான் இன்றைக்கு இதை இரண்டு கையாலும் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வெயிலை மறைக்க வேண்டும். நான் ஷெட்டுக்குள் பாய்ந்து மூலையில் கிடந்த நீலத் தார்ப்பாயை இழுத்தேன். நைந்துபோய் சல்லடை மாதிரி இருந்தது.

"எதுக்கு அண்ணாச்சி தார்ப்பாய் தேடுதிய?"

"பேனல் மேல வெயில் படக்கூடாது அம்மணி. வெயில் பட்டா நெருப்பு நிக்காது."

புஷ்பம் ஒரு தடவை வலையைப் பார்த்தார். ஒரு தடவை கருப்பு ரோல்களைப் பார்த்தார். அந்தத் துணி அவருடையது இல்லை. கம்பெனித் துணி. ஒரு எண்ணெய்ப் பொட்டு பட்டாலே தைத்த பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைத் தூசியும் காக்கா எச்சமும் இருக்கிற பேனல் மேல் விரித்தால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். அவர் யோசித்தது ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது.

"ராஜேஷ், ரோலை எடு. லே போடுத மாதிரி போடு."

கட்டிங் டேபிளில் துணியை அடுக்கு அடுக்காக விரிப்பதைத்தான் லே போடுவது என்பார்கள். இந்தக் கோடிக்கு ஒருவர், அந்தக் கோடிக்கு ஒருவர், சர்ரென்று இழுத்தால் ஒரு சுருக்கம் இல்லாமல் படியும். அவர்கள் தினமும் நூறு தடவை செய்கிற வேலை அது. நான் தார்ப்பாயை உதறி முடிப்பதற்குள் அந்த இரண்டு பேரும் முதல் இரண்டு பேனலை மூடிவிட்டார்கள்! புஷ்பம் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டாண்டின் மேல் ஒரு காலை வைத்து எட்டி இழுக்கிறார். ராஜேஷ் மறுமுனையில் ரோலை உருட்டிக்கொண்டே ஓடுகிறார். ஒரு அடுக்கு போட்டதும் சத்தம் குறைந்தது. இரண்டாவது அடுக்கில் நீல வெளிச்சம் சுருங்கி மஞ்சளானது. மூன்றாவது அடுக்கு கடைசிப் பேனலைத் தாண்டியபோது ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் பட்டென்று நின்றது. நட்ட நடுப் பகலில் நாங்கள் அந்த ஆறு பேனலுக்கும் இருட்டைக் கொண்டுவந்துவிட்டோம். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

மிச்ச நெருப்பு சாதாரண நெருப்பு. நான் வலையை அறுத்து விட்டேன். கீழே மெஷின் ஹாலில் இருந்த தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரை ராஜேஷ் கொண்டுவந்தார். பொடி அடித்து அணைத்தோம். ஷெட்டின் ஓரம் கருகியதோடு போயிற்று. கனெக்டர்களைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இளித்தோம், பைத்தியக்காரர்கள் மாதிரி.

இதோடு முடிந்திருந்தால் இது வீரக் கதை. உங்களுக்கு மீசையை முறுக்கிக்கொண்டு சொல்லியிருப்பேன். இனிமேல்தான் நான் வெட்கப்பட வேண்டிய பகுதி வருகிறது.

எப்படி அண்ணாச்சி பிடித்தது என்று புஷ்பம் கேட்டார். "அணில் கடிச்சிருக்குமுங்க" என்று என் வாய் சொல்லிற்று. மூளையைக் கேட்காமலே சொல்லிற்று. அணில் வயரைக் கடிக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த மாடியில் எந்த அணிலும் கடிக்கவில்லை.

பீஸ் வாங்கிப் போவதற்காகக் கம்பெனி மேனேஜர் ஒரு மணிக்கு வந்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், பேச்சில் அவ்வளவு மரியாதை. மாடிக்கு வந்து, புஷ்பம் சொன்ன அணில் கதையைக் கேட்டு, தன் துணி பேனல் மேல் விரிந்து கிடப்பதைப் பார்த்து, கருகிய பைப்பைப் பார்த்து, குனிந்து அதன் வாயிலிருந்து ஒரு துண்டு கரிந்த துணியை எடுத்து விரலால் தேய்த்தார். பனியன்காரர் ஆயிற்றே. காட்டன் வேஸ்ட் என்று உடனே தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, அணில் வயரைக் கடிச்சுதுங்க, சரி. வேஸ்ட்டு எப்படிங்க இங்க வந்துது? மாடியில வேஸ்ட்டு போடக்கூடாதுன்னு மொதல்லயே சொன்னமுங்களே."

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மிச்ச ரோலையும் வெட்டின பீஸையும் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, வேறு யூனிட்டில் கொடுத்துக்கொள்கிறோம், தப்பாக நினைக்க வேண்டாம் என்று அதே மரியாதையோடு சொன்னார். புஷ்பம் ராஜேஷைப் பார்த்தார். நீ வைத்தாயா என்று கேட்டார். அந்த மனுஷன் இரண்டு கையையும் விரித்து, நான் வைக்கவே இல்லை அக்கா என்று அரைத் தமிழில் சத்தியம் செய்தார். அஞ்சு வருஷம் கூட இருந்தவர், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு புஷ்பத்தோடு சேர்ந்து நெருப்புக்கு நேராக ஓடியவர். அவரைப் புஷ்பம் சந்தேகப்படும்படி நான் செய்தேன்.

புஷ்பம் மேனேஜரிடம் திரும்பினார். "யாரு வச்சான்னு தெரியல சார். என் மாடியில எரிஞ்சிருக்கு. அப்போ என் தப்புதான்."

நான் அவருக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். சாட்சி கிடையாது, வயர் எரிந்து கரியாகிவிட்டது. ஊருக்குள் என் பெயர் பத்திரமாக இருக்கும், அடுத்த வேலை வரும். இதையெல்லாம் நான் அப்போது கணக்குப் போட்டேன், மறைக்க மாட்டேன். வேலைக்காரர்கள் லோடு கட்ட ஆரம்பித்தார்கள். முதல் ரோல் ஷெட்டைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது. புஷ்பம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வேஸ்ட்டை வச்சது நானுங்க" என்றேன். "அணிலும் கெடையாதுங்க. வீட்டுக்குள்ள போடற வயரை வெயில்ல போட்டனுங்க. இந்த அம்மணி மேலயும் அந்தப் பையன் மேலயும் ஒரு தப்பும் இல்லீங்க. அவங்க ரெண்டு பேரும் இல்லீன்னா இந்நேரம் ஊடே எரிஞ்சிருக்குமுங்க."

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு படிக்கட்டில் நின்ற ஆளைக் கூப்பிட்டு, ரோலைத் திரும்ப ஷெட்டுக்குள் வைக்கச் சொன்னார். பேனல் மேல் கிடந்த துணிக்கு வேறு ரோல் நாளைக்கு வரும், கெடு மட்டும் மாறாது என்று புஷ்பத்திடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புஷ்பம் முதலில் ராஜேஷிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை.

"வேற எத்தனை வீட்டுல இந்த வயரு போட்டுருக்கிய?"

தங்கச்சி, தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அந்த வீடுகள் ஞாபகத்துக்கே வரவில்லை. நான் என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், ஒப்புக்கொண்டதும் பெரிய மனுஷன் ஆகிவிட்டதாகக்கூட ஒரு நினைப்பு. நாலு வீடு என்றேன். அவர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

சாப்பிடவில்லை. அவிநாசியில் மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்த கடையைத் திறக்க வைத்து ஒரு முழுச் சுருள் சோலார் வயர் வாங்கினேன். கடைக்காரர் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டதற்கு, பற்றாமல் போகக்கூடாது, சுருளையே கொடுங்கள் என்றேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து ஸ்விட்சை உடனே அணைத்து, பேனலைத் தடித்த துணியால் மூடி வைக்கச் சொன்னேன். மூன்று வீட்டில் எடுத்தார்கள். ஊத்துக்குளியில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. முதலில் அங்கே போனேன். வண்டியை அன்றைக்கு ஓட்டியது போல வாழ்க்கையில் ஓட்டியதில்லை.

மாடு வைத்திருக்கிற குடும்பம் அது. வீட்டுக்காரர் சாயங்காலப் பாலுக்குக் கேன் கழுவிக்கொண்டிருந்தார், போன் வீட்டுக்குள் கிடந்திருக்கிறது. கூப்பிடாமலே சோலார்காரர் வந்து நிற்பதில் அவருக்கு ஆச்சரியம். "நல்லாத்தானுங்க ஓடுது. ஒரு நாளும் நின்னதில்லீங்க. நாளைக்குச் சாவகாசமா வாங்க" என்றார். நாளைக்கும் வெயில் அடிக்குமுங்க என்று சொல்லிக்கொண்டே நான் ஏணியில் ஏறிவிட்டேன்.

மாடியில் பைப்பின் வாய்க்கு ஒரு முழம் தள்ளிச் சோளத்தட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், மார் உயரத்துக்கு, காய்ந்து மொறுமொறு என்று. நான் மாட்டும்போது அது அங்கே இல்லை. ஸ்விட்சை அணைத்தேன், கனெக்டரைக் கழற்றினேன், பிளேயரால் வேஸ்ட்டைப் பிடித்து இழுத்தேன். வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. உள்பக்கம் பழுப்பேறிக் கருக ஆரம்பித்திருந்தது. வயரைத் தொட்டேன், தோல் பொடியாகக் கையோடு வந்தது.

வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் ஏறி வந்திருந்தார். என் கையில் இருந்த துணியைப் பார்த்தார், தன் சோளத்தட்டைப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா இப்பிடி இருக்குதுங்க?"

"நான் உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போன நாள்ல இருந்துங்க" என்றேன்.